யூரினில் ஒரு பிளஸ்: கர்ப்பகாலப் புரதப் பரிசோதனையைச் சரியாகச் செய்துகொள்வது எப்படி

செக்கப்புக்குப் போன இடத்தில் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து "யூரின் பிடிச்சிட்டு வாங்க" என்பார்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நீங்களும் கேட்பதில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் வரும்: ஆல்புமின், அதற்கு எதிரே ஒரு கூட்டல் குறி. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க போனில் தேடித் தேடிக் கலங்கிப் போகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'நில்' (nil, அதாவது புரதம் எதுவும் இல்லை) என்று போட்டிருப்பதைப் பார்த்த நிம்மதியில், இரண்டு நாளாக மண்டையைப் பிளக்கிற தலைவலியை டாக்டரிடம் சொல்லாமலே திரும்பிப் போகிறவர்கள். எனக்கு இரண்டாவது ரகத்தை நினைத்தால்தான் பயம்.

நான் லேபில் ஸ்ட்ரிப் நனைக்கிற ஆள், டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. அந்தக் கூட்டல் குறி எப்படி வருகிறது, எதனால் தப்பாக வரும், தப்பு வராமல் இருக்க உங்கள் பக்கம் என்ன செய்யலாம், வந்த பிறகு என்ன கேட்க வேண்டும், இவ்வளவுதான். முதல் தடவை கர்ப்பமாக இருப்பவர்களையும் அவர்கள் கூடவே வந்து உட்கார்ந்திருப்பவர்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறார்கள்

சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீருக்குள் அவ்வளவாக வராது. கர்ப்பத்தில் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் கூடிவிடுவதால் கசிவும் கொஞ்சம் கூடும். அதனால் மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்திருக்கிற எல்லையைக் கர்ப்பிணிகளுக்கு 300 என்று தளர்த்தியிருக்கிறார்கள். 20 வாரத்துக்கு மேல் புரதம் அந்த எல்லையைத் தாண்டி, பிரஷரும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் ப்ரீ எக்லாம்ப்சியா என்பார்கள். கவனிக்காமல் விட்டால் அது தாய்க்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும், குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கும்.

இது புதுக் கதை இல்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர் சிறுநீரை ஸ்பூனில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் பார்ப்பாராம். புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரியும். அதே மருத்துவமனையில் ஜான் லெவர் என்பவர் 1843-இல் பிரசவ நேரத்து வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரில் ஆல்புமின் இருப்பதை எழுதி வைத்தார். இன்றைக்கும் ஒவ்வொரு செக்கப்பிலும் டப்பா கொடுப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த மஞ்சள் கட்டம்

ஸ்ட்ரிப் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். புரதத்துக்கான கட்டம் காய்ந்திருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும். அதற்குள் டெட்ராப்ரோமோபீனால் ப்ளூ போன்ற ஒரு சாயமும், கட்டத்தைப் புளிப்புத் தன்மையில் பிடித்து வைக்க ஓர் அமிலமும் ஊறியிருக்கும். ஆல்புமின் வந்து சாயத்தோடு ஒட்டிக்கொண்டால் மஞ்சள் மெல்லப் பச்சையாகி, அப்புறம் நீலப் பச்சையாகும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பிளஸ்.

கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும், பொதுவாக ஒரு பிளஸ் என்றால் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி சிறுநீருக்கு, சுமார் 30 மில்லிகிராம். இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300. 'டிரேஸ்' என்பது 30-க்குக் கீழே, பட்டும் படாமலும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள், ஏனென்றால் பாதிக் குழப்பம் இந்த ஒரு இடத்தில்தான். ஸ்ட்ரிப் பார்ப்பது உங்கள் சிறுநீரில் புரதம் எவ்வளவு திக்காக இருக்கிறது என்பதை மட்டும். ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு கசிகிறது என்பது அதற்குத் தெரியாது. நமக்கு வேண்டியதோ அந்த மொத்தக் கணக்கு. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் கசிகிறது என்று வையுங்கள், அது 300-க்குள்தான், பயமில்லை. அன்றைக்கு அவர் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் நாள் முழுக்க 800 மில்லிதான் சிறுநீர் போனார் என்றால் டெசிலிட்டருக்கு 30 வருகிறது, ஸ்ட்ரிப் ஒரு பிளஸ் காட்டும். நன்றாகக் குடித்து 2400 மில்லி போனால் டெசிலிட்டருக்கு 10, ஸ்ட்ரிப்பில் நில். ஆள் ஒன்று, சிறுநீரகம் ஒன்று, கசிவும் ஒன்று. மாறியது தண்ணீர் மட்டும்.

இதைத் திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும். இன்னொரு பெண்ணுக்கு 600 மில்லிகிராம் கசிகிறது, எல்லையைப் போல இரண்டு மடங்கு. அவர் 3 லிட்டர் சிறுநீர் போகிறவர். டெசிலிட்டருக்கு 20 தான் வரும், ரிப்போர்ட்டில் வெறும் டிரேஸ்.

படி 1: மாதிரி பிடிப்பது

லேப் மெஷினில் எத்தனை லட்சம் போட்டாலும் டப்பாவுக்குள் வந்ததைத்தான் அது அளக்கும். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் இயல்பாகவே கூடுதலாக இருக்கும், அதிலும் புரதம் உண்டு. அது கலந்துவிட்டால் உங்கள் சிறுநீரகம் தங்கமாக இருந்தாலும் பிளஸ் வரும். தேவையில்லாமல் வருகிற பிளஸ்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அதனால் நடுத்தாரை பிடிக்க வேண்டும். முதலில் கையைக் கழுவுங்கள். அப்புறம் உறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவிச் சுத்தமான துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். டெட்டால் மாதிரி கிருமிநாசினி எதுவும் வேண்டாம். குளோர்ஹெக்சிடின், பென்சால்கோனியம் வகை மருந்துகள் துளி கலந்தாலே ஸ்ட்ரிப்பைப் பச்சையாக்கிவிடும், அப்புறம் புரதம் வந்ததா மருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு விரலால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் வருவதைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். தாரை நிற்பதற்குள் டப்பாவை நீட்டிப் பாதி அளவுக்குப் பிடியுங்கள். மிச்சத்தை மறுபடி கழிப்பறையில் விடுங்கள். டப்பாவின் உள்பக்கத்தை விரலோ தோலோ தொட வேண்டாம். எட்டு மாத வயிற்றோடு இதைச் செய்வது ஒரு சர்க்கஸ்தான், தெரியும். எதிரே எதுவும் கண்ணுக்குத் தெரியாது, டப்பா எங்கே இருக்கிறது என்றே புரியாது. வாய் அகலமான டப்பா கேளுங்கள், கூட வந்தவரைக் கதவருகே நிற்கச் சொல்லுங்கள், அவசரப்படாதீர்கள்.

டப்பா லேப் கொடுத்ததாக இருக்கட்டும். வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலைக் கழுவிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். சோப்பும் கழுவிய ரசாயனமும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் ஸ்ட்ரிப் படிக்கும்.

எப்போது பிடிப்பது? சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் வித்தியாசமில்லை. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் ராத்திரி முழுக்கத் தேங்கித் திக்காக இருக்கும், அதனால் மற்ற நேரத்தில் போவதோடு அதை ஒப்பிட முடியாது. கர்ப்பிணிகளுக்குப் புரதத்தின் அளவைக் கணக்கிட முதல் காலைச் சிறுநீரை எடுக்க வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. பகலில், செக்கப்புக்கு வந்த இடத்திலேயே புதிதாகப் பிடித்துக் கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தால் பிடித்த நேரத்தை டப்பா மேல் எழுதிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வெயிலில் வண்டிக்குள் கிடந்த சிறுநீரில் பாக்டீரியா பெருகி அது காரத்தன்மைக்கு மாறும். புளிப்பா காரமா என்று காட்டும் பிஹெச் எண் 8-ஐத் தாண்டினால் கட்டத்தில் இருக்கும் அமிலம் தோற்றுப்போய், புரதம் இல்லாமலே பச்சை வரும்.

தண்ணீர் பற்றி ஒரு உரையாடல். போன மாதம் ஒரு பெண்ணின் சிறுநீர் ஏறக்குறைய வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

"வரும்போது ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சேன் சிஸ்டர், இங்க வந்து வரலைன்னா என்ன பண்றதுன்னு."

"நல்லதும்மா, ஆனா இதுல நில்னு வந்தா அது உங்க நில்லா, தண்ணியோட நில்லான்னு எனக்கே தெரியாதே."

எங்கள் சிஸ்டர் சொன்னதுதான் விஷயம். தாகத்துக்குக் குடியுங்கள், டெஸ்டுக்காகக் குடிக்காதீர்கள். அந்தப் பெண்ணை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி வாங்கினோம். ஸ்ட்ரிப்பில் புரதத்தோடு, சிறுநீர் எவ்வளவு திக்கு என்று காட்டும் ஒப்படர்த்திக் கட்டமும் இருந்தால், ரிப்போர்ட்டில் 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி' என்று வரும். 1.005 பக்கம் இருந்தால் நீர்த்துப்போன சிறுநீர், நில்லை முழுசாக நம்ப வேண்டாம். 1.030 பக்கம் இருந்தால் ரொம்பத் திக்கு, ஒரு பிளஸ்ஸுக்கு உடனே கலங்க வேண்டாம். இந்த எண்ணை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை, ஆனால் தாளில் அது பாட்டுக்குக் கிடக்கும்.

டப்பாவைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியவை: ரத்தக் கசிவு இருக்கிறதா, எரிச்சலோ காய்ச்சலோ உண்டா, முந்தின இரவு உறவு கொண்டீர்களா (விந்துவிலும் புரதம் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை), உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் ஏதாவது போடுகிறீர்களா, நீர்க்கடுப்புக்குச் சிறுநீரை ஆரஞ்சாக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. தண்ணீர் மாதிரி ஏதோ கசிந்துகொண்டே இருப்பதாகத் தோன்றினால் அதைக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். பனிக்குட நீர் கலந்தாலும் பிளஸ் வரும்தான், ஆனால் அப்போது கவலை பிளஸ் பற்றியதாக இருக்காது.

படி 2: ஸ்ட்ரிப்பைப் படிப்பது

டாக்டர் சொல்லி வீட்டிலேயே ஸ்ட்ரிப் போடுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் லேபில் நடப்பதைப் புரிந்துகொள்ளப் படியுங்கள்.

பாட்டிலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை அப்போதே அழுத்தி மூடிவிடுங்கள், ஏனென்றால் ஈரக் காற்று பட்டால் கட்டங்கள் கெட்டுவிடும். மூடிக்குள்ளோ பாட்டிலுக்குள்ளோ ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாம், ஒரு லேபில் பாட்டில் காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பச்சை. நனைக்காத ஸ்ட்ரிப்பையே எடுத்துப் பார்த்தால் கட்டம் ஏற்கெனவே பச்சை சாய்ந்திருந்தது. அதற்கப்புறம் வெறும் தண்ணீரில் ஒரு ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சிறுநீரை லேசாகச் சுழற்றிக் கலக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததாக இருந்தால் குளிர் போகும்வரை காத்திருங்கள். கட்டங்கள் முழுக்க நனையும்படி ஒரு நொடி முக்கி எடுத்து, விளிம்பை டப்பா வாயில் இழுத்துக் கூடுதல் ஈரத்தை வடித்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் பக்கத்துக் கட்டத்து ரசாயனம் ஒன்றின்மேல் ஒன்று வழியும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளில் புரதத்துக்கு 60 நொடி. ஆனால் உங்கள் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மனசுக்குள் எண்ணாதீர்கள், போனில் டைமர் வையுங்கள். நேரம் கடந்து பார்த்தால் நிறம் கூடித் தெரியும், ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்த ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான். நல்ல வெளிச்சத்தில், அதே பாட்டிலில் ஒட்டியிருக்கும் நிறப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேறு கம்பெனி பட்டியலோ போனில் பிடித்த படமோ வேண்டாம்.

டிரேஸுக்கும் ஒரு பிளஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் பச்சை எனக்கும் என் பக்கத்து மேசைக்காரருக்கும் ஒரே மாதிரி தெரிந்ததாகச் சரித்திரமே இல்லை. நிறம் படிக்கிற சின்ன மெஷின் இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள், கண்ணால் படிப்பதைவிட அது மேல்.

நுரை பற்றியும் கேட்பார்கள். வேகமாகப் போனாலும் கழிப்பறையில் ஊற்றிய திரவத்தாலும் நுரைக்கும். நுரை இருப்பதால் புரதம் என்றோ இல்லாததால் புரதம் இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது.

படி 3: பதில் வந்தபின்

சிறுநீர் ரிப்போர்ட்டைத் தனியாக வைத்துப் படிக்காதீர்கள், பிரஷர் சீட்டைப் பக்கத்தில் வையுங்கள். பிரஷரும் ஓடிவந்த மூச்சோடு பார்த்ததாக இருக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்ததாக இருக்கட்டும்.

டிரேஸ் வந்து, பிரஷர் சரியாக இருந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் அடுத்த செக்கப்பில் மறுபடி பார்ப்பார்கள். ஒரு பிளஸ் வந்தால், இன்னொரு மாதிரியைச் சுத்தமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "இதை அளவாகப் பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள், அதற்கு என்ன டெஸ்ட் என்று அடுத்துச் சொல்கிறேன். நீர்த்தொற்று இருக்கிறதா என்று கல்ச்சரும் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) பார்ப்பார்கள், தொற்று இருந்தாலும் புரதம் வரும். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து ஒரு பிளஸ் வந்திருந்தால், அது 'அடுத்த வாரம் பார்க்கலாம்' ரகம் இல்லை, அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் பிளஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசரம்.

20 வாரத்துக்கு முன்னாலேயே புரதம் வந்தால் கதை வேறு. அது கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சிறுநீரகத்தில் இருந்த கோளாறாக இருக்கலாம். முதல் செக்கப்பில் எடுத்த யூரின் ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள், ஏழாம் மாதத்தில் அதுதான் கைகொடுக்கும்.

புரதம் நிறையச் சாப்பிட்டதால்தான் யூரினில் வருகிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். கசிவு வடிகட்டியில் நடப்பது, சாப்பாட்டைக் குறைத்தால் நிற்காது. கர்ப்பத்தில் உங்களுக்குப் புரதம் தேவை.

படி 4: அளந்து பார்ப்பது

ஸ்ட்ரிப்பின் தண்ணீர்க் குழப்பத்தைத் தீர்க்கத்தான் புரதம்-கிரியாட்டினின் விகிதம். சீட்டில் 'பிசிஆர்' என்று எழுதியிருப்பார்கள். கோவிட் டெஸ்ட் என்று நினைத்து மூக்கைக் காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அது வேறு, இது வேறு. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும். சிறுநீர் நீர்த்தால் புரதமும் கிரியாட்டினினும் சேர்ந்தே நீர்க்கும், வகுத்தால் தண்ணீர் கணக்கிலிருந்து விலகிவிடும். ஒரே ஒரு டப்பா போதும்.

இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாமவருக்குப் புரதம் டெசிலிட்டருக்கு 45, கிரியாட்டினின் 180. விகிதம் 0.25. ஸ்ட்ரிப்பில் ஒரு பிளஸ் வாங்கியவர், ஆனால் எல்லைக்குள் இருக்கிறார். இரண்டாமவருக்குப் புரதம் 20, கிரியாட்டினின் 40. விகிதம் 0.5. ஸ்ட்ரிப்பில் டிரேஸ், ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டார். எல்லை 0.3.

அலகைப் பாருங்கள், இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு மில்லிகிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் புரதம், அதாவது மில்லிகிராமுக்கு மில்லிகிராம் என்று போடும் லேபில் எல்லை 0.3. கிராமுக்கு மில்லிகிராம் என்றால் அதே எல்லை 300. கிரியாட்டினினை மில்லிமோல் என்ற வேறோர் அலகில் எடுத்து, மில்லிமோலுக்கு மில்லிகிராம் என்று போடும் லேபில் 30. ஒரு லேபில் 0.28 வாங்கி அடுத்த லேபில் 28 வாங்கியவர் நூறு மடங்கு கூடிவிட்டது என்று அழ வேண்டியதில்லை, இரண்டும் எல்லைக்கு உள்ளேதான். புரதத்துக்குப் பதில் ஆல்புமினை மட்டும் அளந்தால் அது ஏசிஆர், அதன் எல்லை மில்லிமோலுக்கு 8 மில்லிகிராம். ஏசிஆர் எண்ணைப் பிசிஆர் எல்லையோடு ஒப்பிட்டு 'நான் நார்மல்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 5: 24 மணி நேரச் சேகரிப்பு சொன்னால்

ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு பெரிய கேனில் சேர்த்து அளப்பது இது. இப்போதெல்லாம் விகிதமே போதும் என்று பல இடங்களில் இதைக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் சில டாக்டர்கள் கேட்பார்கள். கேட்டால், எப்போது ஆரம்பிப்பது என்பதில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை 7 மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். 7 மணிக்குச் சிறுநீர் போங்கள், அதைக் கழிப்பறையில் விடுங்கள், கேனில் ஊற்றாதீர்கள். அது ராத்திரி சேர்ந்தது, உங்கள் 24 மணி நேரத்தில் சேராது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போவது ஒவ்வொன்றும் கேனுக்குள். மலம் கழிக்கப் போகும்போது கூடவே வருமே, அதுவும். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் போவதும். திங்கள் காலை 7 மணிக்கு வந்தாலும் வராவிட்டாலும் முயன்று போய், அதைக் கேனில் சேர்த்து முடித்துவிடுங்கள். கேன் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும். இடையில் ஒரு தடவை மறந்து விட்டுவிட்டீர்களா, லேபில் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை, மறுநாள் புதிதாக ஆரம்பிக்கலாம். சிலர் குறைந்த அளவைச் சரிக்கட்டத் தண்ணீர் ஊற்றிக்கூடக் கொண்டுவருவார்கள், வேண்டாம்.

கேன் முழுமையா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே கேனில் கிரியாட்டினினையும் அளக்கச் சொல்லுங்கள். பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் கிலோவுக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வர வேண்டும். 60 கிலோ என்றால் 900 முதல் 1200. ரிப்போர்ட்டில் 500 என்று வந்தால் பாதிச் சிறுநீர் வேறெங்கோ போயிருக்கிறது, அந்தப் புரதக் கணக்கை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

ப்ரீ எக்லாம்ப்சியா என்று உறுதியான பிறகு தினமும் புரதம் அளந்துகொண்டிருப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அப்புறம் பார்க்க வேண்டியவை பிரஷர், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், கல்லீரல், கிரியாட்டினின், குழந்தையின் நிலை. 'நேத்து ரெண்டு பிளஸ், இன்னைக்கு மூணு' என்று எண்ணிக்கொண்டு பயப்படாதீர்கள்.

நில் என்று வந்தும் போக வேண்டிய நேரம்

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2013-இல் ஒரு மாற்றம் செய்தது: ப்ரீ எக்லாம்ப்சியா என்று சொல்லப் புரதம் கட்டாயம் இருக்க வேண்டியதில்லை. பிரஷர் ஏறி, பிளேட்லெட் குறைந்தாலோ, கல்லீரல், சிறுநீரகம் பாதித்தாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, விடாத தலைவலி, பார்வைக் கோளாறு வந்தாலோ அதுவே போதும். அதனால் ஸ்ட்ரிப் மஞ்சளாகவே இருந்தாலும் இவற்றைச் சொல்லாமல் வீடு திரும்பக் கூடாது: மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது, வெளிச்சம் மின்னுவது, மங்கலாகத் தெரிவது, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென்று ஆரம்பித்த வாந்தி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் சட்டென்று வீங்கி மோதிரம் கழலாமல் போவது. கால் வீக்கம் மட்டும் பலருக்கும் வரும், முகமும் கையும் சேரும்போது காத்திருக்காதீர்கள்.

குழந்தை பிறந்த பிறகும் இது வரும், ஆறு வாரம் வரைக்கும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அம்மாவுக்குத் தலைவலி என்றால் தூக்கமில்லாததால் என்று சமாதானம் சொல்லிவிடுவார்கள், உண்மையாகவே அதுவாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் பிரஷர் பாருங்கள், அப்புறம் தூங்க வையுங்கள்.